பேரிடருக்குப் பிறகு பெர்மாகல்ச்சர்: எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ வந்து போன கையோடு, இயற்கை இயங்குகிற விதத்தைப் பின்பற்றி நிலத்தையும் வீட்டையும் அமைக்கிற பெர்மாகல்ச்சர் முறை உதவுமா? உதவும், ஆனால் பலர் நினைப்பது போலத் தோட்டத்தில் இல்லை. முதல் சில நாட்கள் மருந்தும் சமைத்த சோறும் ஒதுங்க ஓர் இடமும்தான் உயிரைக் காக்கும். 1970களில் ஆஸ்திரேலியர்களான பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்த இந்த முறையில் அந்த நேரத்திலேயே கைகொடுப்பது கழிப்பறைதான்.

மூடி போட்ட 20 லிட்டர் வாளி ஒன்று போதும். அடியில் நாலு விரல் உயரத்துக்கு மரத்தூளோ நொறுக்கிய காய்ந்த இலையோ போடுங்கள், ஒவ்வொரு முறை போன பிறகும் கழிவு கண்ணுக்கே தெரியாதபடி அதே தூளால் மூடுங்கள். நாற்றம் வந்தால் தூள் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுங்கள். கழுவுகிற தண்ணீர் மட்டும் வாளிக்குள் போகவே கூடாது, அதைத் தனியாகப் பிடித்துக் குழியில் ஊற்றுங்கள். வாளி நிறைந்ததும் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, வெள்ளம் ஏறாத மேட்டில் வைக்கோல் சூழக் குவியல் போட வேண்டும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி நிலைத்தால் கிருமிகள் சாகும், ஆனாலும் ஒரு வருடம் ஆறப்போட்டு, காய்கறிக்கு இல்லாமல் மரங்களுக்கு மட்டும் போடுங்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு சாயில் என்ற அமைப்பு முகாம்களில் கழிவை உரமாக்கும் கழிப்பறைகளை நடத்திக் காட்டியது. காலரா பரவுகிற இடம் என்றால் சுகாதாரப் பணியாளர்கள் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும், அங்கே சொந்த யோசனைக்கு இடமில்லை.

அடுத்தது மழைநீர். 20 சதுர மீட்டர் தார்ப்பாயில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 200 லிட்டர் கிடைக்கும். முதலில் வழிகிற அழுக்குத் தண்ணீரை விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள், குடிப்பதாக இருந்தால் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: சரிவான இடத்தில் உடனே சமமட்ட வாய்க்கால், அதாவது ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தச் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போகிற வாய்க்கால், வெட்டாதீர்கள். பெர்மாகல்ச்சர் என்றதும் பலருக்கு மண்வெட்டியைத் தூக்கத் தோன்றும், ஆனால் அந்த வாய்க்காலின் வேலையே தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது, ஏற்கெனவே ஊறிக் கிடக்கிற, அதிர்ந்து தளர்ந்த மலைச்சரிவில் அதைச் செய்தால் மண் மொத்தமாகச் சரிந்து கீழே இருப்பவர்களின் மேல் விழலாம். புது விரிசல், சாய்ந்த மரம், இதுவரை இல்லாத ஊற்று, இதில் எது தெரிந்தாலும் அங்கிருந்து விலகுங்கள்.

சரி, தோட்டம்? வெள்ள வண்டலில் சாக்கடையும் எண்ணெயும் கலந்திருக்கலாம், அதனால் சோதித்துப் பார்க்கும்வரை சுத்தமான மண் நிரப்பிய சாக்குகளில் கீரை போடுங்கள், மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம். கடல்நீர் புகுந்த நிலத்துக்கு முதலில் வடிகால் வேண்டும். பிறகு நல்ல தண்ணீரோ மழையோ உப்பைக் கீழே கொண்டுபோகும். களிமண்ணாக இருந்தால் ஜிப்சம் போடுவதும் உதவும்.