வசனக் கணக்கிலிருந்து எண்களைக் கழற்றுங்கள்

கணக்கில் வரும் கடைக்காரரைப் புறக்கோட்டைக்குக் கூட்டிவந்து, அவர் விற்கும் மாம்பழத்தைக் கறுத்தக்கொழும்பான் ஆக்கிவிட்டால் அது பிள்ளைகளின் வாழ்க்கையோடு சேர்ந்த கணக்கு ஆகிவிடும் என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். பிள்ளைகளை அப்படி ஏமாற்ற முடியாது. அவர்கள் கடைக்காரரைப் பார்ப்பதே இல்லை. இரண்டு எண்களைத் தேடுவார்கள், அப்புறம் ஒரு சொல்லைத் தேடுவார்கள். "மொத்தம்" என்றால் கூட்டல், "மீதி" என்றால் கழித்தல். விடை வந்ததும் கோடு போட்டு அடுத்த கணக்கு.

கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். என் வழி இதுதான்: கணக்கைப் புதிதாக எழுதத் தேவையில்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதிலிருந்து எண்களை மட்டும் கழற்றி எடுங்கள். எந்த எண் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்கட்டும்.

பஸ் கணக்கில் இருந்து தொடங்கலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீடு ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி இது: இராணுவ பஸ் ஒன்றில் 36 பேர் ஏறலாம், 1128 வீரர்கள் போகவேண்டும், எத்தனை பஸ் தேவை? ஏறக்குறைய 70 வீதமானோர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 வீதம்தான். 29 வீதமானோர் "31, மீதி 12" என்று எழுதிவிட்டுப் போனார்கள். வகுக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த 12 பேர் ஆட்களாகவே தெரியவில்லை.

இதை என் தரம் 8 வகுப்பில் இப்படி மாற்றுவேன். கரும்பலகையில் ஒரே ஒரு வரி: "தரம் 8 முழுவதும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகிறது. எத்தனை பஸ்?" அவ்வளவுதான். எண்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி மேசை லாச்சியில் வைத்திருப்பேன். கேட்டால் மட்டும் ஒரு துண்டு வெளியே வரும். 130 பிள்ளைகள், பஸ்ஸில் 54 ஆசனம், கூட வரும் ஆசிரியர்கள் 6 பேர். தேவையில்லாத துண்டுகளும் இரண்டு மூன்று இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று பிள்ளைகள் முழிக்கவேண்டும். ஆசிரியர்களையும் எண்ணவேண்டும் என்று யாருக்காவது தோன்றும்வரை பொறுங்கள். அந்த அமைதி சங்கடமாக இருக்கும், வாயைத் திறக்காதீர்கள்.

136 ஐ 54 ஆல் வகுத்தால் 2, மீதி 28. இங்கேதான் கொழும்புப் பிள்ளை பேசத் தொடங்கும். "மிஸ், 28 பேரும் நின்றுகொண்டு வரலாம்தானே?" சரிதான். 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெடுக தொங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு ஆசனக் கணக்கு செல்லாது. பஸ்ஸுக்கு 14 பேர் நிற்பது ஒரு விஷயமா? அதைத் தவறு என்று வெட்டிவிடாதீர்கள். அதற்குப் பதிலாகப் பயணத்தை அனுராதபுரத்துக்கு மாற்றுங்கள். அதே 136, அதே 54. ஆனால் 200 கிலோமீற்றர் நின்றுகொண்டு போக யாரும் சம்மதிக்கமாட்டார்கள். மூன்றாவது பஸ்ஸா, இரண்டு வானா என்ற சண்டை வரும். வானில் எத்தனை ஆசனம், வாடகை எப்படி என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் துண்டு கிடையாது, வீட்டில் விசாரித்து வரச்சொல்வேன். ஒரே வகுத்தலுக்கு ஏன் இரண்டு விடை என்பதை ஒவ்வொருவரும் இரண்டு வரியில் கொப்பியில் எழுதவேண்டும். புள்ளி அந்த இரண்டு வரிக்குத்தான்.

அடுத்தது, நாம் எல்லோரும் படித்த தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் 4 மணித்தியாலத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று 6 மணித்தியாலத்தில் வெறுமையாக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால்? நாலில் ஒன்று கழித்தல் ஆறில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, விடை 12 மணித்தியாலம். எந்த மடையன் இரண்டையும் ஒன்றாகத் திறப்பான் என்று நானும் பிள்ளையாக இருந்தபோது கேட்டதுண்டு. தொடர்மாடியில் கூரைத் தொட்டியோடு வாழ்கிற இந்த ஊர்ப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது: நீர்வெட்டு முடிந்து தண்ணீர் வரத் தொடங்கிய உடனேயே எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்துவிடுவார்கள்.

அமெரிக்க ஆசிரியர் டான் மேயர் 2010இல் ஆற்றிய ஓர் உரையில், தொட்டி ஒன்று மெதுவாக நிரம்பும் காணொளியை வகுப்பில் ஓடவிட்டுக் காட்டுவதைப் பற்றிச் சொல்லியிருப்பார். பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் சலித்துப்போய், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தாங்களே கேட்கிறார்கள். நல்ல வழி. எங்கள் வகுப்பறையில் திரை இல்லை, அதனால் நான் போத்தலை எடுப்பேன்.

1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதும். பக்கம் வழுவழுப்பாக, நேராக இருக்கவேண்டும், வரிவரியான போத்தல் வேண்டாம். கழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, சூடாக்கிய ஆணியால் ஒரு துளை. இதை வீட்டிலேயே செய்துகொண்டு வாருங்கள். துளையிலிருந்து மேல்நோக்கி சம இடைவெளியில் ஒட்டுநாடாவில் பத்துக் கோடுகள். கீழே ஒரு வாளி, பக்கத்தில் துடைக்கத் துணி. முதல் வரிசைப் பிள்ளைகள் புத்தகங்களைத் தூக்கிவிட்டால் நல்லது.

விரலால் துளையை மூடிக்கொண்டு மேல்கோடுவரை நிரப்புங்கள். ஒரு பிள்ளையிடம் தொலைபேசியின் நிறுத்துகடிகாரம், ஒரு பிள்ளை கோட்டைத் தாண்டும்போது கத்தும், இன்னொன்று பலகையில் நேரத்தை எழுதும். விரலை எடுங்கள். மேல்கோட்டை எண்ணாமல், மேலிருந்து ஐந்தாவது கோட்டுக்குத் தண்ணீர் வந்ததும் மறுபடி மூடிவிட்டுக் கேளுங்கள்: "பாதி போய்விட்டது. மிச்சப் பாதிக்கு எவ்வளவு நேரம்?" வகுப்பே அதே நேரத்தைச் சொல்லும். எல்லோரும் எழுதிக்கொண்ட பிறகு விரலை எடுங்கள். ஆறாவது கோடு, ஏழாவது கோடு... ஒன்பதாவதற்குப் போகும்போது பீறிட்ட தண்ணீர் சொட்டத் தொடங்கியிருக்கும். பின்பாதிக்கு முன்பாதியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும். கணக்குப்படி ஏறக்குறைய 2.4 மடங்கு. உயரம் குறையக் குறைய அழுத்தம் குறைகிறது, வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானி தொரிசெல்லி சொன்னது. தரம் 9க்கு இந்த விதி வேண்டியதில்லை, கோடு கோடாக எழுதிய நேரங்களை வரைபுத்தாளில் குறித்து, நேர்கோடு வரவில்லை என்று பார்த்தால் போதும்.

ஆசிரியருக்கு மட்டும் ஒரு விஷயம். நிறைந்த தொட்டி இந்த விதியின்படி 6 மணித்தியாலத்தில் வற்றுகிறது என்றால், தொடக்கத்தில் சராசரியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது, அதாவது மணிக்குத் தொட்டியின் மூன்றில் ஒன்று. உள்ளே வருவதோ நாலில் ஒன்று. ஆகவே புத்தகம் 12 மணித்தியாலம் என்று சொல்லும் தொட்டி உண்மையில் நிரம்பவே நிரம்பாது. பதினாறில் ஒன்பது பங்கு உயரத்தில் நின்றுவிடும். உயர்தரம் படிப்பிக்கிறவர்கள் இதை அப்படியே கொடுக்கலாம்.

இதையெல்லாம் முடித்த பிறகு புத்தகக் கணக்கை அதே வசனத்தோடு கட்டாயம் கொடுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் போத்தல் வராது. ஆனால் இப்போது முதல் வரியில் "நீர் சீரான வேகத்தில் வெளியேறுகிறது எனக் கொள்வோம்" என்று பிள்ளைகளே எழுதுவார்கள். அந்த வரி இல்லாமல் ஆறில் ஒன்று என்று எழுத என் வகுப்பில் இடமில்லை.

நேரம் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். ஒரு பாடவேளையில் பஸ் கணக்கு அடங்கும், போத்தலுக்கு இரட்டைப் பாடவேளை வேண்டும். ஓர் அலகுக்கு ஒரு கணக்கை இப்படிப் பிரித்தால் போதும், எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட்டால் தவணைப் பரீட்சைக்கு முன் பாடத்திட்டம் முடியாது. எல்லாக் கணக்கும் இதற்குச் சரிவராது என்பதும் உண்மை. "தந்தையின் வயது மகனின் வயதைப்போல மூன்று மடங்கு" வகையை நான் தொடுவதே இல்லை. அது புதிர், புதிராகவே ரசிக்கலாம்.

வீதம், கோவைகள் என்று வரும்போது மின்சாரப் பட்டியலைவிட நல்ல கருவி இல்லை. மாதம் 60 அலகைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குள் போய்விடுகிறோம், முதல் 60 அலகுக்கும் கூடிய வீதம்தான். "61ஆவது அலகின் விலை என்ன?" என்று மட்டும் கேளுங்கள், ஒரு பாடவேளை ஓடிவிடும். வீதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அப்போது நடப்பிலுள்ள அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வீட்டுப் பட்டியல் கொண்டுவரச் சொல்லவேண்டாம். ஒருவர் வீட்டில் குளிரூட்டி ஓடும், பக்கத்து வாங்கில் இருப்பவர் வீட்டில் போன மாதக் காசு கட்டாமல் கம்பியை வெட்டியிருப்பார்கள். உங்கள் பட்டியலையே பெயரையும் கணக்கிலக்கத்தையும் மறைத்துப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.