ஜிஎஃப்எஸ்2: மவுண்ட், அன்மவுண்ட் சிக்கல்களைத் தீர்க்கும் முறை

ஒரே சேமிப்பகத்தில் பல நோடுகள் (கணினிகள்) ஒரே நேரத்தில் எழுதும் ஜிஎஃப்எஸ்2 கோப்பு முறைமையில், மவுண்ட் கட்டளை (கோப்பு முறைமையை நோடோடு இணைப்பது; கழற்றுவது அன்மவுண்ட்) பிழைச்செய்தியுடன் திரும்புவது ஒரு வகைச் சிக்கல். பதிலே இல்லாமல் தொங்கி நிற்பது வேறு வகை. பிழைச்செய்தி வந்தால் கோளாறு பெரும்பாலும் அமைப்பில் இருக்கும். தொங்கி நின்றால், தரவைக் காக்கும் பொருட்டு கிளஸ்டர் (சேர்ந்து இயங்கும் நோடுகளின் தொகுதி) எதற்கோ காத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மவுண்ட் செய்யும் ஒவ்வொரு நோடுக்கும் தனி ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே பதியும் பகுதி) தேவை. இரண்டு ஜர்னல்களோடு உருவாக்கிய கோப்பு முறைமையை மூன்றாவது நோடு மவுண்ட் செய்ய முயன்றால், காலி ஜர்னல் இல்லை என்று கெர்னல் மறுத்துவிடும். ஏற்கெனவே மவுண்ட் ஆகியுள்ள ஒரு நோடிலிருந்து ஜர்னல் சேர்க்கும் ஜிஎஃப்எஸ்2_ஜேஆட் (gfs2_jadd) கட்டளையை இயக்கினால் போதும். சேவையை நிறுத்த வேண்டியதில்லை. வேறொரு கிளஸ்டரிலிருந்து நகலெடுத்து வந்த சேமிப்பகம் என்றால், அதன் பூட்டு அட்டவணைப் பெயரில் பழைய கிளஸ்டரின் பெயரே இருக்கும்; அதனாலும் மவுண்ட் தோற்கும். எல்லா நோடுகளிலும் அன்மவுண்ட் செய்த பிறகு ட்யூன்ஜிஎஃப்எஸ்2 கொண்டு அதை மாற்ற வேண்டும்.

தொங்கி நிற்கும் மவுண்டுக்கு, முதலில் கெர்னல் பதிவைப் பாருங்கள். கிளஸ்டரில் சேர முயல்வதாகச் சொல்லும் வரி வந்து, சேர்ந்துவிட்டதாகச் சொல்லும் அடுத்த வரி வராமல் இருந்தால், தடை கோப்பு முறைமையில் இல்லை, நோடுகள் ஒன்றன்மீது ஒன்று எழுதாமல் காக்கும் பூட்டுகளை மேலாளும் டிஎல்எம்மில் இருக்கிறது. டிஎல்எம்_டூல் எல்எஸ் கட்டளையின் வெளியீடு, அது குவோரத்துக்கு (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை நோடுகள்) காத்திருக்கிறதா, ஃபென்சிங்குக்கு (கோளாறான நோடை மின்சாரம் துண்டித்தோ வேறு வழியிலோ விலக்கிவைப்பது) காத்திருக்கிறதா என்பதைக் காட்டும். ஒரு நோடு விழுந்தபின் அதன் ஃபென்சிங் வெற்றிபெறும் வரை டிஎல்எம் புதிய பூட்டுகளைத் தராது. ஆகவே ஃபென்ஸ் சாதனத்தின் கடவுச்சொல்லையும் வலையிணைப்பையும் சரிபார்த்துச் சீராக்குவதே உரிய வழி. ஃபென்சிங் முடிந்ததாகக் கையால் உறுதிசெய்யும் வசதி உண்டுதான். ஆனால் அந்த நோடின் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நேரில் பார்க்காமல் அதைப் பயன்படுத்தினால், அந்த நோடும் மற்ற நோடுகளும் ஒரே இடத்தில் எழுதித் தரவு சிதைந்துவிடக்கூடும்.

அன்மவுண்ட் செய்யும்போது இலக்கு பயன்பாட்டில் உள்ளதாகச் செய்தி வந்தால், எஃப்யூசர் -விஎம் கட்டளையால் செயல்முறைகளைக் கண்டறியலாம். அது எதையும் காட்டாவிட்டால் என்எஃப்எஸ் பகிர்வு, பைண்ட் மவுண்ட், லூப் சாதனம், கன்டெய்னரின் தனி மவுண்ட் வெளி ஆகியவற்றைத் தேடுங்கள். சோம்பல் அன்மவுண்ட் எனப்படும் -எல் விருப்பத்தைத் தவிர்ப்பது நல்லது. பார்வைக்குக் கழன்றதுபோல் தோன்றினாலும் அந்த நோடு பூட்டுகளையும் ஜர்னலையும் வைத்துக்கொண்டே இருக்கும். அதை நம்பி, கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே.ஜிஎஃப்எஸ்2 இயக்கினால் கோப்பு முறைமையே பாழாகிவிடக்கூடும்.

கணினியை அணைக்கும்போது அன்மவுண்ட் தொங்கினால், கிளஸ்டர் சேவை முன்னதாக நின்றிருக்க வாய்ப்புண்டு. மவுண்டை எஃப்எஸ்டேப்பில் (கணினி தொடங்கும்போது மவுண்ட் செய்வதற்கான பட்டியல்) எழுதாமல், கிளஸ்டர் மேலாளரான பேஸ்மேக்கரின் வளமாக அமைத்து, டிஎல்எம்முக்குப் பின் தொடங்கி அதற்கு முன் நிற்குமாறு வரிசைப்படுத்துங்கள். குவோரம் இழந்தால் என்ன செய்வது என்பதைக் குறிக்கும் நோ-குவோரம்-பாலிசியை ஃப்ரீஸ் (எதையும் நிறுத்தாமல் அப்படியே விடுவது) என்று வைப்பதும் இன்றியமையாதது: இயல்பான நிறுத்தும் கொள்கையின்படி குவோரம் இழந்த நோடு அன்மவுண்ட் செய்ய முயலும், ஆனால் அதற்கே குவோரம் தேவை என்பதால் முயற்சி தோற்று, இறுதியில் கிளஸ்டர் முழுவதுமே ஃபென்ஸ் செய்யப்படும்.