பழைய சிகரெட் அட்டைத் தொகுப்பை இனங்கண்டு பட்டியலிடும் முறை

சிகரெட் பொட்டலங்களுக்குள் வைத்துத் தரப்பட்ட சிறு பட அட்டைகளே சிகரெட் அட்டைகள். அவற்றில் ஒரு பழைய கட்டு கைக்கு வந்தவுடன், கப்பல்களை ஒருபுறமும் கிரிக்கெட் வீரர்களை ஒருபுறமும் பிரித்து அடுக்கிவிடவே எவருக்கும் தோன்றும். அந்த வேலையை முதலில் செய்யக் கூடாது. எந்த உறையில், எந்த வரிசையில், எவற்றோடு சேர்த்து அட்டைகள் வைக்கப்பட்டிருந்தன என்பதை அப்படியே படம் எடுத்துக் குறித்துக்கொண்ட பின்னரே அவற்றைக் கலைக்க வேண்டும். பழைய உரிமையாளர் ஒரே தொடரின் அட்டைகளைப் பெரும்பாலும் ஒன்றாகவே வைத்திருப்பார் என்பதால், பெயரோ எண்ணோ இல்லாத ஓர் அட்டையின் தொடரைக் கண்டறிய அதன் அண்டை அட்டைகளே சில வேளைகளில் துணையாக அமையும்.

1880-களில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரைச் சேர்ந்த ஆலன் அண்ட் கிண்டர் போன்ற சிகரெட் நிறுவனங்கள், மெல்லிய காகிதப் பொட்டலம் நசுங்காதிருக்க உள்ளே வைத்த கெட்டி அட்டையில் படம் அச்சிட்டு, வாடிக்கையாளரைத் தொடர்ந்து வாங்கவைக்கும் வழியாக அதை மாற்றின. பிரிட்டனில் பிரிஸ்டல் நகரின் வில்ஸ், நாட்டிங்ஹாமின் ஜான் பிளேயர், லிவர்பூலின் ஆக்டன்ஸ் ஆகியவை இதைப் பின்பற்றின. முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டால் 1917-ல் நின்றுபோன பிரிட்டிஷ் வெளியீடு, 1920-களில் மீண்டும் தழைத்து, அடுத்த போரில் 1940-ல் நின்றது. ஆகவே கையில் இருப்பது வழக்கமான பிரிட்டிஷ் அட்டையாக இருந்தால், அதன் காலத்தை இந்த எல்லைக்குள் தேடத் தொடங்கலாம்.

படம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அட்டையை இனங்காண உதவுவது அதன் பின்பக்கமே. ஒரே படத்தை வெவ்வேறு நிறுவனங்களும், ஒரே நிறுவனம் வெவ்வேறு ஆண்டுகளிலும் பயன்படுத்தியதுண்டு. பின்பக்க வாசகமும் அதன் மையின் நிறமும்தான் அவற்றை வேறுபடுத்துகின்றன. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர், தொடரின் தலைப்பு, அட்டையின் எண், தொடரில் மொத்தம் எத்தனை அட்டைகள் என்ற குறிப்பு ஆகிய நான்கும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். பிரிட்டிஷ் தொடர்களில் ஐம்பது அட்டைகள் என்பது மிகப் பரவலான அளவு. பெரிய அட்டைகளாக இருந்தால் இருபத்தைந்து என்பது வழக்கம். ஜான் பிளேயரின் கிரிக்கெட் வீரர் தொடர்களில் 1930, 1934, 1938 என ஆண்டே தலைப்பில் சேர்ந்துவிடுவதால், அங்கே கால ஆராய்ச்சிக்கு வேலையே இல்லை. துலீப் சிங்ஜியைத் தேடுவோர் 1930-ஆம் ஆண்டுத் தொடரிலிருந்து தொடங்கலாம்.

ஆண்டு இல்லாத அட்டைகளில் சிறு எழுத்து வாசகங்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். அமெரிக்கப் போட்டியைச் சமாளிக்க, வில்ஸ், பிளேயர் உள்ளிட்ட பதின்மூன்று பிரிட்டிஷ் நிறுவனங்கள் 1901-ன் இறுதியில் ஒன்றிணைந்து இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆயின. அந்தக் கம்பெனியின் பெயர் பின்பக்கத்தின் அடியில் இருந்தால், அட்டை அதற்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் பெயர் இல்லாததை வைத்து அட்டை அதற்கு முந்தியது என்று முடிவு கட்டக் கூடாது. புதிதாகச் சேகரிக்க வருவோர் அடிக்கடி இடறுவது இங்கேதான். 1902-ல் அமைந்த பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ வழியாக வெளிநாடுகளில் விற்கப்பட்ட வில்ஸ் சிகரெட்டுகளின் அட்டைகளில் அந்த வாசகம் இடம்பெறுவதில்லை. இந்தியாவில் புழங்கிய சிசர்ஸ் சிகரெட்டின் அட்டைகளும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், நம் ஊர்களில் அகப்படும் அட்டைகளுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

1930-களில் வந்த பல அட்டைகளின் பின்பக்கத்தில் பசை தடவப்பட்டிருக்கும்; ஒரு பென்னிக்கு ஆல்பம் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பும் இருக்கும். அதே தொடர் பசையும் அறிவிப்பும் இல்லாமல் இருந்தால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள சேனல் தீவுகளுக்கான வெளியீடாக இருக்கக்கூடும். அதைப் பட்டியலில் தனி வகையாகவே பதிய வேண்டும். தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே படங்கள் மாற்றப்பட்டதும் உண்டு. வில்ஸின் இசைக் கலைஞர்கள் இரண்டாம் தொடரில் முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர் எட்டுப் பேர் நீக்கப்பட்டு, அவர்களின் இடத்தில் வேறு கலைஞர்கள் சேர்க்கப்பட்டனர். நீக்கப்பட்ட எட்டு அட்டைகளே இன்று அந்தத் தொடரின் அரிய பகுதி. எண் ஒன்றாக இருப்பதாலேயே அட்டையும் ஒன்று என்று எண்ணி ஒன்றை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மறுபதிப்பை அடையாளம் காண ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒரு சிறு புற ஊதா விளக்கும் போதும். பழைய வண்ணக் கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும் அல்லது நிறம் திட்டாகப் பரவியிருக்கும். பிற்கால நான்கு வண்ண அச்சில் புள்ளிகள் சிறு வட்டங்களாக ஒழுங்காகக் கூடி நிற்கும். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ஒளிர்பொருட்கள் 1950-ஐ ஒட்டியே பரவலானவை என்பதால், புற ஊதா ஒளியில் பளீரென நீலமாக ஒளிரும் அட்டை 1910-ஐச் சேர்ந்தது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மிக அரியதாகக் கருதப்படும் டாடி நிறுவனத்தின் இருபது கோமாளி, சர்க்கஸ் கலைஞர் அட்டைகள் மலிவாகக் கிடைத்தால், மகிழ்வதற்கு முன் விளக்கைப் போட்டுப் பார்க்கவும்.

பட்டியலைக் கணினி அட்டவணையில் வைப்பது நலம். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு வரி, அந்த வரிக்கு என்றும் மாறாத ஒரு சொந்த எண். அந்த எண்ணில் நிறுவனத்தின் பெயரையோ ஆண்டையோ புகுத்தக் கூடாது, ஏனெனில் இனங்காணல் பின்னால் திருத்தப்படலாம்; எண் திருத்தப்படக் கூடாது. நிறுவனம், சிகரெட்டின் வணிகப் பெயர், தொடர், தொடர் எண், மில்லிமீட்டரில் நீள அகலம், பின்பக்க வாசகம் எழுத்து மாறாமல், மையின் நிறம், நிலை, கிடைத்த இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் வேண்டும். இவற்றோடு, ஒவ்வொரு முடிவையும் எதை வைத்து எடுத்தோம் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குவது என் பரிந்துரை. 'அட்டையிலேயே உள்ளது', 'வாசகத்தை வைத்து ஊகம்' என்று சுருக்கமாக எழுதினாலும் போதும். நிலையைக் குறிக்கையில் 'நன்று' என்று மட்டும் விடாமல், முனை மழுங்கல், மடிப்பு, ஆல்பத்திலிருந்து உரித்த தடம் எனக் கண்ணுக்குத் தெரிவதைப் பெயரிட்டு எழுத வேண்டும். இருபக்கங்களையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, கோப்புக்கு அதே சொந்த எண்ணைப் பெயராக வைத்துவிட்டால், பின்னர் அட்டையைத் தொடும் தேவையே குறைந்துவிடும். எண்ணை அட்டையின் மேல் எழுதாமல் உறையின் மேல் எழுத வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நியூயார்க் பொது நூலகம் தன் அரென்ட்ஸ் தொகுப்பின் சிகரெட் அட்டைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. பிரிட்டிஷ் அட்டைகளுக்கு 1938-ல் தொடங்கிய, சிகரெட் அட்டை சேகரிப்போரின் சங்கமான கார்ட்டோஃபிலிக் சொசைட்டியின் கையேடுகள் உதவும். அமெரிக்க அட்டைகளுக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜெஃபர்சன் பர்டிக் வகுத்த குறியீடே இன்றும் நடைமுறையில் உள்ளது: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'என்' (N) என்ற எழுத்து, இருபதாம் நூற்றாண்டினவற்றுக்கு 'டி' (T). பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டையால் புகழ்பெற்ற 1909–1911 பேஸ்பால் தொடர் டி206 என்று அழைக்கப்படுவது இதனால்தான். இந்தக் குறியீடு தெரிந்தால் அதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி சேர்க்கலாம்.

பாதுகாப்பில், பசை தடவிய அட்டைகளுக்கே முதலிடம் தர வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியவற்றை வலிந்து பிரிக்காமல், காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுவதே முறை. பிவிசி உறைகளைத் தவிர்த்து பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளில் ஒவ்வொன்றாக இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைக்கலாம். ரப்பர் பேண்டும் செலோடேப்பும் அட்டைகளின் அருகில்கூட வரக் கூடாது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பெட்டியைத் திறந்து, இராமபாணப் பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்று பார்த்து, பார்த்த தேதியையும் அட்டவணையில் குறித்துவைக்கவும்.