உடைந்து தெரிந்த பர்மியப் பெயர்கள்: சரிசெய்த விதம்

யாங்கோனில் உள்ள எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் புதிய கணினிக்கு மாற்றியபோது, தமிழ்ப் பெயர்களும் எண்களும் சரியாகவே இருக்க, பர்மிய எழுத்திலிருந்த பெயர்களும் முகவரிகளும் பல வரிகளில் சிதைந்து தெரிந்தன. எழுத்துருவை, யூனிகோடு தரத்தைப் பின்பற்றாத பழைய பர்மிய எழுத்துருவான ஸோஜிக்கு மாற்றினால் அவை நேராயின. ஆனால், அதுவரை நன்றாயிருந்த வரிகள் உடைந்தன. மென்பொருளை மீண்டும் நிறுவியும் பயனில்லை. முழுக் கோப்பையும், எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியபோது, ஏற்கெனவே யூனிகோடில் இருந்தவை கெட்டன.

ஒரே கோப்பில் ஸோஜி, யூனிகோடு என இரண்டு குறியீட்டு முறைகள் கலந்திருந்ததே காரணம். பர்மிய எழுத்துக்கான யூனிகோடு 2008இல் வந்த 5.1 பதிப்பிலேயே செம்மையாகிவிட்டது. அரசு அதற்கு மாறும் நாளாக அறிவித்ததோ 2019 அக்டோபர் 1. இத்தனை ஆண்டுத் தாமதத்தின் சுமை எங்களைப் போன்ற சிறு அமைப்புகளின் கோப்புகளில்தான் தங்கியிருக்கிறது.

பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. எழுத்துக்கு இடப்பக்கம் தோன்றும் எகரக் குறி, நம் ‘கெ’யிலுள்ள கொம்பைப் போலவே, யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது; ஸோஜியில் முன்னால். ஆகவே, பட்டியலின் ஒரு கலம் (கட்டம்) அந்த எகரக் குறிக்குரிய 1031 என்ற குறியெண்ணில் தொடங்கினால் அது ஸோஜியே.

கோப்பை நகலெடுத்துக்கொண்டு, கூகுளின் ‘மியான்மர் டூல்ஸ்’ நிரலால் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே சோதித்து, ஸோஜி என உறுதியானவற்றை மட்டும் மாற்றினேன். மிகக் குறுகிய பெயர்களில் அதன் கணிப்பு தடுமாறியதால், அவற்றை அதே வரியிலுள்ள நீண்ட முகவரியின் முடிவைக் கொண்டு தீர்மானித்தேன். இப்போது பெயரைத் தேடினால் உடனே கிடைக்கிறது, பெரும் நிம்மதி.