சம்பள வேலையை விட்டு முழுநேரம் எழுத வருகிறவர்களுக்கு

எழுதிப் பிழைக்க வந்தவர்கள் ஒரே வருஷத்தில் பழையபடி வேலை தேடுவதற்குப் பெரும்பாலும் காரணம், முடித்த வேலைக்குப் பணம் எப்போது வரும் என்பது தெரியாமல் போவதுதான். மாசியில் கொடுத்த பில்லுக்குச் சித்திரையில் பணம் வரும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதுவரை பொறுக்காது. கீழே உள்ளவை எல்லாம் இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான்.

ராஜினாமாவுக்கு முன்

கம்பெனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். சொந்தப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் வராது. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருந்தால் 3 ஆண்டு வரை காத்திருக்க நேரும். அதனால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே வாங்குங்கள். பிறகு போனால் வங்கி இரண்டு மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். அந்தத் தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும்.

ஒரே கம்பெனியில் ஐந்து வருஷம் நிறைய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், வருஷத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் (மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து) கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குக் கம்பெனி தரும் பணிக்கொடை, மட்டும் 75,000 வரும். பி.எஃப். பணத்தை 5 ஆண்டு சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. அதை அவசர நிதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாருக்கு எழுதுவது

மதுரையில் எழுத்து வேலை பத்திரிகைகளில் இருப்பதைவிட வெளியில்தான் அதிகம். மருத்துவமனைகளுக்கு நோயாளி கையேடு, கல்லூரிகளுக்கு ஆண்டு மலரும் அறிக்கையும், ஜவுளிக்கடை நகைக்கடைகளுக்கு விளம்பர வாசகம், வெளியூர் நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பு என்று பல வகை. மூன்று இடத்திலிருந்தாவது தொடர்ந்து வேலை வரும்வரை ராஜினாமா வேண்டாம். அதில் எந்த ஒன்றும் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தீபாவளி விளம்பர வேலையை ஆவணியிலேயே கேட்டு வையுங்கள். ஐப்பசியில் போனால் எல்லாம் ஒருவருக்குக் கொடுத்து முடிந்திருக்கும்.

உள்ளூர்க் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அண்ணே, ரெண்டு வரிதானே, சும்மா எழுதிக் குடுங்க.” ரெண்டு வரியை ஒன்பது தடவை மாற்றச் சொல்வதும் அவரேதான். பாதித் தொகை முன்பணம், இரண்டு திருத்தம் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று வேலை தொடங்குமுன் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூலிக் கணக்கு

மாதத் தேவை 45,000 ரூபாய் என்று வையுங்கள். ஆள் பிடிப்பது, பில் போடுவது, பணம் கேட்டு நடப்பது போக, கூலி கிடைக்கும் எழுத்து நேரம் மாதம் 90 மணிதான் தேறும். ஆக மணிக்கு 500. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திருத்தத்தோடு மணிக்கு 250 சொல் முடிந்தால் சொல்லுக்கு 2 ரூபாய். இதற்குக் கீழே போனால் ராத்திரியும் உட்கார வேண்டிவரும்.

எந்தச் சொல்லை எண்ணுவது என்பதையும் முதலிலேயே பேசுங்கள். ஆங்கில மூலத்தில் 1,000 சொல் இருந்தால் தமிழில் 700, 750 ஆகச் சுருங்குவது சாதாரணம். தமிழை எண்ணிக் கூலி தந்தால் கால் பங்கு கை நழுவும். மூலத்தின் சொற்களையே எண்ணச் சொல்லுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் வேலை என்றால் இன்னொரு தொல்லை. நீங்கள் யூனிகோடில் தட்டுவதை அங்கே பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். கொம்பும் காலும் சிதறுவது அப்போதுதான். ‘கொ’, ‘கௌ’ வரும் இடங்களும் ஸ்ரீ, க்ஷ போன்றவையும் முதலில் போகும். மாற்றிய பிறகு வரும் பி.டி.எஃப்.பை வரிவரியாகப் பார்த்து ஒப்புக்கொள்வது வரை உங்கள் வேலை, அதற்கும் சேர்த்தே கூலி சொல்லுங்கள்.

பில், வரி, உரிமை

உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு தொழில் செய்பவர் என்று அரசிடம் பதிவது, இலவசம்; முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. வழக்குக்குப் போகிறவர் குறைவுதான். ஆனால் பில்லில் உத்யம் எண்ணும் கடைசித் தேதியும் இருந்தால் கணக்குப் பிரிவு அதைத் தள்ளிப்போட யோசிக்கும்.

ஒரே நிறுவனத்திடமிருந்து வருஷத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10% டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20%. புதிய வரிமுறையில் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை, ஆனால் பிடித்தது திரும்பி வர ரிட்டர்ன் போட்டாக வேண்டும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது.

சம்பளத்தில் இருந்தபோது எழுதியது முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதுவதன் காப்புரிமை, கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை உங்களுக்கே. உரிமையை எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் 1957 காப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியா மட்டும். ‘எல்லா உரிமையும், எக்காலத்துக்கும்’ என்ற வரியைக் கண்டால் கூலியை ஏற்றுங்கள், இல்லை வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

அன்றாடம்

வரும் பணமெல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். ஒன்றாம் தேதி அதிலிருந்து நிலையான தொகை மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். நல்ல மாதத்திலும் அதே தொகைதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே பார்த்து, அன்றைக்குக் கெடு வாங்காதீர்கள். புது நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து மூலப் புத்தகங்களைப் பார்க்க அந்த நாள் சரியாக இருக்கும்.