பிளேட் போடும் முன்பே கெட்டுப்போகும் கல்யாணப் பத்திரிகைகள்

மார்கழி பிறந்துவிட்டால் காரைக்குடியில் எங்களைப் போன்ற சின்ன அச்சகக்காரர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். தை முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் அச்சேற வேண்டும். ஒற்றைக் கலர், இரண்டு கலர் வேலைகளை இங்கேயே மினி ஆஃப்செட் என்ற சின்ன அச்சு எந்திரத்தில் ஓட்டிவிடுவோம். மல்டிகலர், ஃபாயில் (பளபளக்கும் தங்க, வெள்ளிப் படலம் ஒட்டுவது), எம்பாசிங் (எழுத்தைப் புடைப்பாக்குவது) என்றால் பெரும்பாலும் மதுரை வழியாகச் சிவகாசிக்குப் போய் வரும். எங்கே ஓடினாலும், குறை வந்தால் வாடிக்கையாளர் சொல்வது ஒன்றுதான்: "பிரிண்டிங் சரியில்லை."

மெஷின்மேல் தப்பே இருக்காது என்று சொல்ல வரவில்லை. ஆனால் திரும்பி வந்த கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தால், பெரும்பாலானவை பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன்பே, இந்த மேசையில், டீ குடித்துக்கொண்டே செய்த தவறுகள். செய்தவர்களில் நாங்களும் உண்டு.

விலாசமும் கோயிலும்

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை இனிஷியல் என்று நினைத்து டைப் செய்வது முதல் தவறு. அது அந்த வீட்டின் விலாசம், எந்தக் குடும்பம் என்று காட்டும் அடையாளம். "ராம.சித." என்பதை "சித.ராம." என்று போட்டால் வேறு வீடு ஆகிவிடும். கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இது பிடிபட ஆறு மாதம் ஆகும்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. நகரத்தார் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி, சூரக்குடி, வேலங்குடி. இளையாத்தங்குடியில் ஏழு பிரிவு. ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். கொள்வினை கொடுப்பினை கிடையாது. சில வீட்டார் பத்திரிகையில் இரு தரப்புக் கோயிலையும் பிரிவையும் போடச் சொல்வார்கள். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு விவரத்தை அப்படியே காப்பி எடுத்து, பெண் வீட்டுப் பக்கத்தில் ஒட்டி, பெயர்களை மட்டும் மாற்றினோம். கோயில் வரி மாறாமல் நின்றுவிட்டது. புரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதியை) மூன்று பேர் போனில் பார்த்து "ஓகே" போட்டார்கள். எல்லோரும் பார்த்தது பிள்ளையார் படத்தையும் ஃபாயில் பார்டரையும்தான். கட்டைப் பிரித்த அன்று அந்த வீட்டு ஐயா முதல் பத்திரிகையைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "என்னப்பா, அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பண்றீக?"

எண்ணூறு பத்திரிகையும் எங்கள் செலவில் மறுபடி ஓடியது.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் போன் புரூஃப் கிடையாது. தாளில் எடுத்துக் கொடுக்கிறோம். டைப் செய்தவர் சரிபார்க்கக் கூடாது. வீட்டில் மூத்தவர் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் கைப்பிரதியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முடித்ததும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. அலுத்துக்கொள்வார்கள்தான். இருக்கட்டும்.

தேதியில் இன்னொரு கண்ணி உண்டு. மார்கழியில் உட்கார்ந்து தை மாதத்துக்கு டைப் செய்யும்போது ஆங்கில ஆண்டு பழசாகவே விழும். போன வருஷ ஃபைலைத் திறந்து அதிலேயே மாற்றினால், தமிழ் ஆண்டுப் பெயரும் பழசாகவே, உதாரணத்துக்குக் குரோதி என்றே, நின்றிருக்கும். கல்யாணமோ அதற்கு அடுத்த விசுவாவசுவில் நடக்கும். தேதியையும் கிழமையையும் காலண்டரில் விரல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், மனக்கணக்கு ஆகாது.

பத்திரிகைதானே, பத்து நாளில் பழைய பேப்பர் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். பழைய புத்தகங்களோடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்து வைத்த மனிதர். 1992-இல் அவர் காலமானபின் அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. எங்கள் எழுத்துப்பிழையும் எங்காவது ஒரு பெட்டியில் நூறு வருஷம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

"கோயில்" உடைந்து போகும் கதை

வாடிக்கையாளர் போனில் யூனிகோடில் டைப் செய்து அனுப்புகிறார். அச்சகத்தில் யூனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை நடக்கிறது. சில இடங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. 2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு, யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பின் வந்த இன்டிசைனில்கூட வேர்ல்டு-ரெடி காம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் "கோயில்" என்பதில் இரட்டைச் சுழி ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். திரையில் கண்ணுக்குப் பட்டால் தப்பித்தோம். படாவிட்டால் ஆயிரம் பிரதியில் அப்படியே நிற்கும்.

எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடைப் பாமினியாக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. ஸ்ரீ, மேற்கோள் குறி, கோடு இவையெல்லாம் அந்தப் பயணத்தில் அடிபடும். மாற்றியபின் முதல் எழுத்திலிருந்து மறுபடி படித்தே ஆக வேண்டும். சிவகாசிக்கு ஃபைல் அனுப்பும்போது எழுத்துகளைக் கர்வ்ஸ் ஆக்கி, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றி, அனுப்புங்கள். அங்கே உள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் மாறாது. ஆனால் கர்வ்ஸ் ஆனபின் ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு முழுப் பத்திரிகையையும் மறுபடி டைப் செய்திருக்கிறேன்.

புள்ளி என்றதும் ஒன்று. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் சாகும். அரக்கு நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து கேட்பார்கள், பார்க்க அழகுதான். அந்த அரக்கு மூன்று நான்கு மைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வருவது. ரிஜிஸ்ட்ரேஷன் (நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெள்ளைப் புள்ளிக்குள் மை புகுந்துவிடும். "அம்மன்" "அமமன" ஆகும். எட்டுப் பாயின்ட் அளவில் ணகரத்தின் சுழிகளும் அடைத்துக்கொள்ளும். சின்ன எழுத்தா, வெள்ளைத் தாளில் கறுப்பு மை ஒன்றிலேயே போடுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையும் கலந்த கறுப்பில் போட்டால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும்.

நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் மாட்டியிருக்கும் ரவிவர்மா பிரஸ் படங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஓவியர் ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று கல்லச்சில் போட்ட படங்கள். நிறங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பொருந்தி உட்கார்ந்திருக்கின்றன என்று ஓரங்களில் தெரியும். கணினி இல்லாத காலம்.

கண்டாங்கிச் சேலையும் ட்யூப் லைட்டும்

ஒரு ஆச்சி மஞ்சள் பையிலிருந்து கண்டாங்கிச் சேலையை எடுத்து மேசைமேல் விரித்தார். "தம்பி, இந்தக் கடுகு மஞ்சள் அப்படியே பார்டர்ல வரணும்."

"வந்துடும் ஆச்சி" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு வியாபாரம் முடிந்திருக்கும், வம்பு பின்னால் வந்திருக்கும். சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரச் சொன்னேன். உள்ளே ட்யூப் லைட்டில் கொஞ்சம் பச்சையடித்துத் தெரிந்த மஞ்சள், முற்றத்து வெயிலில் தேன் நிறமாக இருந்தது. "இதுல எந்த மஞ்சள் ஆச்சி வேணும்?" என்றேன். சிரித்துவிட்டார்.

நூலில் ஏறிய சாயம் வேறு, தாளில் விழும் மை வேறு. ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துபோகும். அதனால்தான் நிறம் பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3664 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். 5000 கெல்வின் அளவு பகல் வெளிச்சம் போன்ற விளக்கில் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆஃப்செட் அச்சுக்கு ஐஎஸ்ஓ 12647-2. நான்கு மைகளின் நிறமும் குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்று அதில் வரம்பு உண்டு. டெல்டா ஈ என்ற அலகில் 5-க்குள் இருக்க வேண்டும். அளப்பதற்குக் கருவி வேண்டும். எங்கள் மாதிரி இடங்களில் ஆபரேட்டரின் கண்தான் கருவி, அந்தக் கண்ணும் ராத்திரி ஷிஃப்டில் களைத்திருக்கும். குறைந்தபட்சம் தாளின் ஓரத்தில் கலர் பட்டை போட்டு, ஒப்புக்கொண்ட முதல் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினால் பாதிச் சண்டை குறையும்.

போன் திரையில் பார்த்த நிறத்தைக் கேட்பது இன்னொரு தவறு. திரை ஒளியால் ஆனது. தாளில் நான்கு மைதான் இருக்கிறது. பளீர் என்ற ராமர் பச்சையும் மயில் நீலமும் தாளில் இறங்கும்போது மங்கத்தான் செய்யும். தங்க நிறம் நான்கு கலரில் வரவே வராது. வருவது கடுகுக் குழம்பு. தங்கம் வேண்டுமென்றால் ஃபாயில், இல்லாவிட்டால் தனியாக மெட்டாலிக் மை. அதே ஃபைலைப் பூச்சுள்ள ஆர்ட் பேப்பரில் ஓட்டினால் ஒரு நிறம், பூச்சில்லாத மேப்லித்தோவில் ஓட்டினால் வேறு நிறம். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சிப் புள்ளிகளைப் பெருக்கும், படம் கறுத்துப்போகும்.

விசிட்டிங் கார்டில் இந்தத் தொல்லை கூடுதல். ஒரே பெரிய தாளில் பல பேர் கார்டுகளைச் சேர்த்து ஓட்டுவார்கள், அதனால்தான் விலை மலிவு. பக்கத்துக் கார்டுக்குச் சிவப்பு மை கூட்டினால் உங்கள் கார்டும் சிவக்கும். மலிவு வேண்டும், போன தடவை வந்த நிறமும் அப்படியே வேண்டும் என்றால் நடக்காது.

படங்கள் பற்றிச் சுருக்கமாக. மணிவிழாப் பத்திரிகைக்கு அப்பச்சி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். போனில் தெளிவாகத்தான் தெரியும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அகலம் 1200 புள்ளி உள்ள படத்தை நான்கு அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கினால் மொழுமொழுவென்று போய்விடும். படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படமென்றால் போனால் எடுக்காமல் ஸ்கேன் செய்வதே மேல்.

தாள், மழை, அவசரம்

ஐப்பசி மழையில் தாளும் குணம் மாறும். ஈரம் ஏறினால் ரீமின் ஓரங்கள் அலை அலையாக நெளியும். மெஷினில் நான்காவது கலர் வருவதற்குள் தாள் நீண்டு ரிஜிஸ்ட்ரேஷன் ஓடிவிடும். அச்சறையில் ஈரப்பதம் 50, 55 சதவீதத்தில் நிற்பது நல்லது. ஏசி இல்லாத இடத்தில் செய்யக்கூடியது, தாள் உறையை ஓட்டும் நாள் வரை பிரிக்காமல் இருப்பதும், கட்டைத் தரையிலோ சுவரோரமாகவோ வைக்காமல் பலகைமேல் ஏற்றுவதும்தான்.

கனமான கார்டை மடிக்குமுன் கிரீசிங் (மடிப்புக்கான அழுத்தக் கோடு) போடாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். தாளின் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் கிரீசிங் போட்டும் பிரயோஜனம் குறைவு. ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு துண்டின் ஒரு பக்கத்தை நனையுங்கள். சுருளும் குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் நாரின் திசை. வெட்டும் ஓரத்தில் பின்னணி நிறத்தை 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிடுங்கள், எழுத்தை 5 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள்.

லேமினேஷன் பளபளப்பு கேட்கிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: மஞ்சள் எங்கே தடவுவீர்கள்? நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள் வைத்தால் பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டாது. காய்ந்து உதிர்ந்து உறையெல்லாம் பொடியாகும். சாமிக்கு வைக்கும் பத்திரிகையிலேயே இப்படி ஆனால் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கோயில்களுக்கும் முதல் அழைப்புக்கும் மட்டும் லேமினேஷன் இல்லாத ஐம்பது பிரதி ஒதுக்கி வைத்தால் போதும்.

"காலையில் ஓட்டி சாயந்திரம் கொடுங்கண்ணே" என்பது தை மாதத்து வசனம். ஆஃப்செட் மை காற்றுப்பட்டுக் காய வேண்டும். மை கனமாக விழுந்த கார்டை அன்றைக்கே அடுக்கிக் கட்டிங் போட்டால், மேல் தாளின் பின்பக்கத்தில் கீழ்த் தாளின் முகம் ஒட்டியிருக்கும். ஒரு ராத்திரியாவது விட வேண்டும். மழை நாளில் இன்னும் கூட.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயிரம் ஓட்டி முடித்தபின் "இன்னும் ஐம்பது" என்றால் அதே நான்கு பிளேட்டை மறுபடி ஏற்றி, மை கட்டி, நிறம் பிடிக்க வேண்டும். அந்த ஐம்பதுக்கும் அதே நாள் கூலிதான்.

கட்டு வந்ததும் மேலே உள்ளதை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். நல்ல தாளை மேலே வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை, எங்களுக்கும் தெரியும். நடுவிலிருந்து பத்து எடுத்து, ஒப்புக்கொண்ட தாளோடு வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒன்றை மடித்து உறைக்குள் போட்டுப் பாருங்கள். எம்பாசிங்கும் ஃபாயிலும் ஏறிய கார்டு தடித்துப்போய், அளந்து வாங்கிய உறைக்குள் நுழையாமல் நின்றதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.