பழைய காரின் சஸ்பென்ஷன்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 என்று எந்தச் சின்ன வண்டியாக இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடி முன்பக்கம் 'கட கட' என்று சத்தம் வர ஆரம்பித்தால், பட்டறையில் பெரும்பாலும் கேட்கிற பதில் "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்" என்பதுதான். ஷாக் என்றால் குழியில் வண்டி துள்ளாமல் அடக்கும் ஷாக் அப்சார்பர். பல ஆயிரம் செலவழித்து மாற்றிய பிறகும் அதே சத்தம் இருக்கும். சத்தம் போட்டது, வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சில நூறு ரூபாய் ஸ்டெபிலைசர் லிங்க்காக இருந்திருக்கும், அல்லது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷாக. மலிவான பாகத்தைத் தேடி அலைவதைவிட, தேவையில்லாத பாகத்தை வாங்காமல் இருப்பதில்தான் அதிகப் பணம் மிஞ்சும்.

முதலில் வண்டியைப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டிக்கு எவ்வளவு என்று இருக்கும். பங்க்கில் அதற்கு மேல் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏற்றி அனுப்பிவிட்டால் சின்னக் குழியும் முதுகில் தெரியும். அதை ஷாக்கின் குறை என்று நினைத்துப் புது ஷாக் போட்டவர்கள் நிறையப் பேர்.

பிறகு சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் 'கட கட' என்றால் லிங்க் அல்லது ஸ்டெபிலைசர் பார் புஷ். பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸில் எடுக்கும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ். வேகத்தடையில் இறங்கும்போது 'தும்' என்று மோதினால் ஷாக் பலவீனமாகியிருக்கும், அல்லது ஷாக் அடிவரை மோதாமல் தடுக்கும் நுரைத் துண்டான பம்ப் ஸ்டாப்பர் உதிர்ந்திருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால், ஸ்ட்ரட்டின் (முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேல்முனை மவுண்டில் இருக்கும் பேரிங். இந்தக் கடைசியை உறுதிப்படுத்துவது சுலபம்: ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் லேசாகக் கை வையுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பும். இறுகிப்போயிருந்தால் முறுக்கிக்கொண்டு நின்று சட்டென்று விடுபடும். அந்த விடுபடல் விரலில் தெளிவாகத் தெரியும்.

ஷாக்கில் எண்ணெய்க் கசிவைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். மேல்பக்கம் லேசாக ஈரம் படிந்திருப்பது இயல்பு. எண்ணெய் வழிந்து கீழ்வரை தூசி அப்பிப் பசைபோல் இருந்தால் அது முடிந்துவிட்டது. வண்டியின் ஒரு மூலையை அமுக்கிவிட்டு விட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் செத்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனையில் முழுதாகச் செத்த ஷாக் மட்டுமே மாட்டும். பாதி தேய்ந்ததைக் கண்டுபிடிக்க டயரின் மேல் உள்ளங்கையைத் தடவிப் பாருங்கள்: அலை அலையாக மேடுபள்ளம் தட்டினால், டயர் சாலையை விட்டுத் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது.

லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைச் சோதிக்க, வண்டியை பாடிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டையோ மவுண்டையோ சந்தேகிக்கலாம். லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) நடுவில் லிவர் கொடுத்து நெம்பும்போது ஜாயின்ட் 'டக்' என்று நகர்ந்தால் பேச்சே வேண்டாம், அன்றே மாற்ற வேண்டும். இடதும் வலதும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் வெளிமுனையான டை ராட் எண்டு, அல்லது அதன் உள்முனையான ரேக் எண்டு.

புஷ்ஷைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேலே மெல்லிய வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம், அவ்வளவுதான். டார்ச் அடித்துக்கொண்டு ஆர்மை லிவரால் மெல்ல நெம்புங்கள். வெடிப்பு வாய் பிளந்து உள்ளே இரும்பு தெரிந்தாலோ, ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து நகர்ந்தாலோதான் மாற்ற வேண்டும்.

எங்கே கை வைக்கக் கூடாது

லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு இந்த மூன்றிலும் விலை பார்த்துப் பெயர் தெரியாத பாகம் போடாதீர்கள். லிங்க் உடைந்தால் சத்தம் வரும், வண்டி வளைவில் கொஞ்சம் சாயும், வீடு வந்து சேரலாம். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி நடுரோட்டில் உட்கார்ந்துவிடும்.

இதற்காக எல்லாவற்றையும் கம்பெனி பெட்டியில்தான், அதாவது கார் கம்பெனியின் பெயரில் வரும் பாகமாகத்தான், வாங்க வேண்டும் என்றில்லை. கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுப்பவர்களே தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். ஸ்டீயரிங், பால் ஜாயின்ட் வகைக்குச் சென்னையைச் சேர்ந்த ரானே, ஷாக்குக்கு ஓசூரிலும் ஆலை வைத்திருக்கும் கேப்ரியல், அதோடு மன்றோ, கேஒய்பி ஆகியவை கடைகளில் புழங்கும் பெயர்கள். உங்கள் வண்டிக்கான பாகம் இவர்களிடம் இருந்தால் கம்பெனி பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் குறைவாகவே வரும். சில பாகங்களில் வித்தியாசம் சொற்பம். அப்போது கம்பெனி பெட்டியே நல்லது.

சில வண்டிகளில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும், தனியாகக் கழற்றுவதற்கு இல்லை. அதை அடித்து எடுத்துவிட்டுப் புதிதை வெல்டிங் வைத்துத் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இருக்கை உருகிவிடும், கிரீஸும் போய்விடும்.

பால் ஜாயின்ட், புஷ் இரண்டும் போயிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு புஷ், லேத் பட்டறையில் பிரஸ் போடும் கூலி, ஜாயின்ட் விலை மூன்றையும் கூட்டினால் முழு ஆர்மின் விலையில் பாதியைத் தாண்டிவிடுமானால் நல்ல பிராண்டில் முழு ஆர்மாகவே வாங்கலாம். புஷ் மட்டும் மாற்றுவதானால் பழையது எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஆர்மில் ஆணியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கப் புஷ்ஷில் இருக்கும் வெற்றிடம் திசை மாறிப் போனால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

ஷாக் வாங்கும்போது

ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்: முன்பக்கம் இரண்டு, அல்லது பின்பக்கம் இரண்டு. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

முன் ஸ்ட்ரட்டோடு சேர்த்து மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். கழற்றி மாட்டும் கூலி ஒன்றுதான். பிறகு மவுண்டுக்காக மறுபடி பிரித்தால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். பழைய ஸ்ட்ரட்டின் டஸ்ட் கவரைத் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் நுரையாக இருந்த பம்ப் ஸ்டாப்பர் பல வண்டிகளில் ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்து கையோடு வரும். அந்தத் தூளும் சாலை மண்ணும் ஷாக்கின் ராடில் ஒட்டி, எண்ணெய் வெளியே வராமல் அடைத்திருக்கும் ரப்பர் சீலை அறுக்கும். புது ஷாக் ஒரே வருடத்தில் ஒழுகுவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஸ்டாப்பர் இல்லாத ஷாக் குழியில் அடிமட்டம்வரை மோதி உள்ளே வால்வும் உடையும்.

ரீகண்டிஷன் ஷாக் பாதி விலைக்குக் கிடைக்கும். பழையதைத் துளையிட்டு எண்ணெய் ஊற்றி, அடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்தது அது. தேய்ந்த வால்வும் கீறல் விழுந்த ராடும் அப்படியே இருக்கும், எண்ணெயோடு கேஸும் அடைத்த கேஸ் ஷாக்காக இருந்தால் கேஸும் போயிருக்கும். கேஸ் ஷாக் என்றால் அழுத்திவிட்டு விட்டதும் ராடு தானாக வெளியே வர வேண்டும். எண்ணெய் மட்டும் உள்ள ஷாக் தானாக வராது. அதை நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழு நீளத்துக்கு இழுத்து அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

ஸ்பிரிங் பெரும்பாலும் மாற்றத் தேவைப்படாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்புவரை டேப்பால் அளந்து பாருங்கள். இடது வலது வித்தியாசம் 15 மி.மீ.க்கு மேல் போனால் ஏதோ ஒரு ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம், அல்லது அடிச்சுற்று உடைந்திருக்கலாம். டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைத்த வண்டிகளில் பின்பக்கம் தாழ்வது வழக்கம். அதற்கு ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரைச் சிபாரிசு செய்வார்கள். போட்டால் உயரம் கூடும், உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றுகள் வேலை செய்யாமல் நின்றுவிடும், பாரம் முழுக்க மற்றச் சுற்றுகளுக்குப் போகும், ஸ்பிரிங் அங்கேதான் உடையும். தொய்ந்த ஸ்பிரிங்கை ஜோடியாக மாற்றுவதே சரி.

கடைக்குப் போகும்போது

ஆர்சியும் சேசிஸ் எண்ணும் கையில் இருக்கட்டும். 'ஆல்டோ' என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய ஆல்டோ, 2010-இல் வந்த கே10, 2012-இல் வந்த ஆல்டோ 800 மூன்றும் வேறு வேறு. 2005-இல் வந்த ஸ்விஃப்டும் 2011-இல் வந்ததும் வேறு. அதிலும் டீசல் எஞ்சின் கனமானது என்பதால் பெட்ரோல் வண்டியின் முன் ஸ்பிரிங்கை டீசலுக்குப் போட முடியாது. மாருதி பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகை: 41601 வலது ஸ்ட்ரட், 41602 இடது ஸ்ட்ரட், 45201 வலது லோயர் ஆர்ம், 45202 இடது. அதற்கு அடுத்து வருவது மாடல் குறியீடு. பெட்டியில் உள்ள எண்ணைக் கழற்றிய பாகத்தின் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

சென்னையில் ஜி.பி. ரோடு புதுப் பாகத்துக்கு, புதுப்பேட்டை பழைய பாகத்துக்கு. பழையதில் நக்கிள், ஸ்டெபிலைசர் பார், கிராஸ் மெம்பர் (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) போன்ற வெறும் இரும்பை வாங்கலாம். விபத்து வண்டியிலிருந்து வந்திருந்தால் வளைந்திருக்கும். சமதளத்தில் வைத்து உங்கள் பாகத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரப்பர், பால் ஜாயின்ட், ஷாக் மூன்றையும் பழையதாக வாங்கவே கூடாது.

போலிப் பெட்டிகள் நிறையப் புழங்குகின்றன. பெட்டியில் மட்டும் பெயர் இருந்து பாகத்தில் எந்த அச்சும் இல்லாவிட்டால் வேண்டாம். ஒரே கடையில் வாங்கும் இடது வலது இரண்டின் வெல்டிங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் பேக் செய்த மாதமும் எம்ஆர்பியும் இருக்கும். ஐந்தாறு வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர் பாகத்தைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், முன்பு பலவற்றுக்கு 28 ஆக இருந்தது. பழைய எம்ஆர்பி ஒட்டிய பெட்டி கிடைத்தால் புது விலையைக் கேளுங்கள். பில் கட்டாயம், அது இல்லாமல் வாரன்டி கேட்க முடியாது.

மாட்டும்போது கெடுப்பவை

நல்ல பாகம் வாங்கியும் ஆறு மாதத்தில் போய்விட்டது என்றால் பெரும்பாலும் மாட்டிய விதம்தான் காரணம். ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக முடுக்கிவிடுவது பட்டறைகளில் தினமும் நடக்கும் தவறு. அந்த நிலையில் முடுக்கினால் புஷ் அங்கேயே இறுகும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே எழும், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி சும்மா நின்றிருந்தாலே அது கிழிந்துகொண்டிருக்கும். கையால் இறுக்கிவிட்டு, சக்கரம் தரையில் பாரம் ஏறிய பிறகு, மேனுவலில் உள்ள டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். வேலை கொடுக்கும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

ஸ்ட்ரட்டின் மேல் நட்டை முடுக்கும்போது ராடு சேர்ந்து சுற்றும். அதை நிறுத்த பிளையரால் ராடைக் கவ்வினால் குரோம் கீறி, சீல் அறுந்து, எண்ணெய் ஒழுகும். ராடின் உச்சியில் ஆலன் கீயோ ஸ்பேனரோ போடுவதற்கு இடம் இருக்கும், அங்கேதான் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாத இடத்தில் ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே விடாதீர்கள். இறுகிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். கழற்றிய நக்கிளை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். ஆல்டோ, ஸ்விஃப்ட் வண்டிகளில் பின்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி. ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். பூட்டு நட்டுகளும் ஸ்ப்ளிட் பின்னும் புதிதாகவே போடுங்கள்.

புஷ் ஏறவில்லை என்று கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவக் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும். வாட்டர் வாஷ் முடித்து அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிக்கும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்துங்கள். இரண்டு நாள் சத்தம் குறையும், ஆனால் எண்ணெய் குடித்த ரப்பர் ஊறி, மெத்தென்றாகிப் பிய்ந்துவிடும்.

ஸ்ட்ரட், ஆர்ம், டை ராட் எண்டு மாற்றினால் வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். லிங்க் மட்டும் அல்லது பின் ஷாக் மட்டும் என்றால் தேவையில்லை. 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். பாகத்தின் எண், பிராண்டு, மாற்றிய கி.மீ. மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தால் அடுத்த முறை கடையில் தேட வேண்டியிருக்காது.